முடிவு ஓரிடம், சுமை ஓரிடம்: புகலிடம் கோருவோரும் உள்ளூராட்சி மன்றங்களும்



சென்ட்ரல் லைன் ரயில் கிழக்கே போய் முடிகிற இடம் எப்பிங். காட்டோரத்தில் உள்ள சிறிய சந்தை நகரம். 2025 ஜூலையில் அங்குள்ள பெல் ஹோட்டலின் வாசலில் நூற்றுக்கணக்கானோர் பல நாட்கள் கூடினார்கள். புகலிடம் கோரிய ஆண்கள் 138 பேர் வரை அங்கே தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் 14 வயதுப் பிள்ளை ஒருத்தியிடம் பாலியல் குற்றம் புரிந்ததாகக் கைதானார். செப்டெம்பரில் குற்றம் நிரூபிக்கப்பட்டுச் சிறைக்குப் போனார். அந்தப் பிள்ளைக்கு நேர்ந்ததைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. அந்த ஊர்த் தாய்மாரின் பயத்தையும் நான் பொய்யென்று சொல்லமாட்டேன்.

குற்றத்தைப் பார்த்துக்கொள்ளப் பொலிஸ் இருக்கிறது. எப்பிங் ஃபொரெஸ்ட் மாவட்ட மன்றமோ நகரத் திட்டமிடல் சட்டத்தைக் கையிலெடுத்து நீதிமன்றம் போனது. ஹோட்டலென்று அனுமதி பெற்ற கட்டடத்தில் மாதக்கணக்காக ஆட்களைக் குடியிருத்தினால் அது இன்னமும் ஹோட்டல்தானா, அதற்கு மன்றத்தின் அனுமதி வேண்டாமா என்பதுதான் வழக்கு. ஒகஸ்ட் 19 இல் இடைக்காலத் தடை கிடைத்தது. பத்தே நாளில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. நவம்பர் 11 இல் உயர் நீதிமன்றம் நிரந்தரத் தடையையும் மறுத்துவிட்டது. 2022 இல் இப்ஸ்விச்சும் ஈஸ்ட் ரைடிங்கும் இதே வழியில் போய்த் தோற்றிருந்தன. கிரேட் யார்மத்துக்கு மட்டும், கடற்கரை விடுதிகளை உல்லாசப் பயணிகளுக்கென்றே ஒதுக்கிவைத்த கொள்கை ஒன்று முன்னரே இருந்தபடியால், நீதிமன்றம் செவிசாய்த்தது.

தன் ஊருக்குள் நூற்றுக்கு மேற்பட்டோர் குடியேற்றப்படுவதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு மன்றத்துக்குக் கட்டடச் சட்டத்தைத் தவிர வேறு கதவு ஏன் இல்லாமற் போனது? இன்று நான் பேச வந்தது இதைத்தான். யாரை எங்கே குடிவைப்பது என்ற அதிகாரம் கவுன்சில்கள் என்கிற இந்த மன்றங்களிடமிருந்து 1999 இல் எடுக்கப்பட்டது. குடிவந்தவர் வீடற்றுப்போனால், அவருடைய பிள்ளைக்குப் பள்ளி வேண்டுமென்றால், துணையில்லாமல் ஒரு சிறுவன் வந்து இறங்கினால், சட்டப்படி பொறுப்பு கவுன்சிலுடையது. அது அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். முடிவு ஓரிடத்திலும் சுமை வேறிடத்திலும் இருக்கிற இந்த அமைப்பு புகலிடம் கேட்டு வந்தவரையும் வதைக்கிறது, ஊரவரையும் வதைக்கிறது. இரு சாராரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, முடிவெடுத்தவர் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறார்.

இது நேற்று முளைத்த பிரச்சினை இல்லை. தொடக்க காலத்தில் அதற்குள் அகப்பட்டவர்களில் தமிழர்களாகிய நாங்களும் இருந்தோம். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பவேண்டாமென்று மன்றாடித் தங்கள் உடைகளைக் களைந்து நின்றவர்கள் தமிழர்கள். அதே ஆண்டு ஹார்விச் துறைமுகத்தில் ‘ஏர்ல் வில்லியம்’ என்ற பழைய பயணிகள் கப்பலை அரசு வாடகைக்கு எடுத்து, புகலிடம் கேட்டவர்களை அதில் அடைத்து வைத்தது. அவர்களிலும் தமிழர் இருந்தனர். ஒக்டோபரில் வீசிய பெரும்புயலில் கப்பல் கட்டறுந்து தரைதட்டியது. உள்ளிருந்தவர்களை வெளியே விடவேண்டியதாயிற்று. 2023 இல் போர்ட்லண்டில் ‘பிபி ஸ்டொக்ஹோம்’ மிதவையைக் கொண்டுவந்து நிறுத்தியபோது இது புதிய யோசனை என்று பேசினார்கள். சில நாளிலேயே தண்ணீரில் லெஜியொனெல்லா கிருமி இருந்ததென்று எல்லோரையும் இறக்கினார்கள். முதற்கப்பலின் கதை யாருக்காவது நினைவில் இருந்திருந்தால் இரண்டாவது வந்திருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

1996 க்கு வருகிறேன். அந்த ஆண்டு, நாட்டுக்குள் வந்தபின் புகலிடம் கேட்டவர்களின் உதவிப்பணத்தை அரசு நிறுத்தியது. நீதிமன்றம் அந்த விதி செல்லாதென்றது. பாராளுமன்றம் ஜூலையில் சட்டமாகவே நிறைவேற்றிவிட்டது. ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் வேறொரு வாசலைத் திறந்தது: 1948 ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டப்படி, கதியற்றவரைக் கவுன்சில்கள் தெருவில் விடமுடியாது. அடுத்த ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மத்திய அரசு கைகழுவிய செலவு ஒரே இரவில் லண்டன் கவுன்சில்களின் தலையிலும் கெண்ட் மாவட்டத்தின் தலையிலும் விழுந்தது.

அந்த நாட்களில் நான் ஒரு லண்டன் கவுன்சிலின் சமூகசேவைப் பிரிவுக்கு மொழிபெயர்க்கப் போய்வந்தேன். அந்தச் சட்டத்தின் கீழ் தனி ஆளுக்கு இருப்பிடமும் சாப்பாடும் கொடுக்கலாம், காசு கொடுக்கமுடியாது. இந்த ஒரு வரி மனிதரை என்ன செய்தது என்பதைக் கவுன்டரில் நின்றால்தான் தெரியும். பருத்தித்துறைப் பக்கத்துப் பெடியன் ஒருவன், கையில் குறிப்பிட்ட ஒரு கடைக்கான உணவுச் சீட்டு. அந்தக் கடை அவன் தங்கியிருந்த அறையிலிருந்து நாலு மைல். பஸ்ஸுக்குக் காசில்லை, நடந்து போய்வருவான். வீட்டுக்குப் போன் எடுக்கச் சில்லறை இல்லை. “அம்மா உயிரோட இருக்கிறாவோ எண்டு கேக்க ஒரு பவுண் தருவினமோ எண்டு கேளுங்கோ அண்ணை” என்றான். நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி ஒரு நல்ல பெண்மணி. கண்கலங்கி, சட்டம் விடாதென்றார். அவர் சொன்னது உண்மை. அந்தச் சட்டத்தை எழுதியவர் யாரும் அந்தக் கவுன்டருக்கு வந்ததில்லை.

லண்டனில் அறை கிடைக்காத கவுன்சில்கள் மார்கேட், ஹேஸ்டிங்ஸ், ஈஸ்ட்போர்ன் என்று கடலோர ஊர்களின் வெறுமையான விருந்தினர் விடுதிகளுக்கு ஆட்களை அனுப்பின. அந்த ஊர்களின் மன்றங்களைக் கலந்தாலோசிக்கவில்லை. அங்கே எழுந்த கோபம் 2025 இல் எப்பிங்கில் கண்ட கோபத்தின் மூத்த சகோதரம்.

இதைச் சீர்செய்யவென்று 1999 இல் குடிவரவு மற்றும் புகலிடச் சட்டம் வந்தது. 2000 ஏப்ரலிலிருந்து உள்துறை அமைச்சான ஹோம் ஒபிஸே இருப்பிடம் தரும். லண்டனில் குவிக்காமல் நாடெங்கும் பகிர்ந்து அனுப்பும். பகிர்வு நியாயமானதுதான். ஆனால் அனுப்பும் இடத்தைத் தீர்மானித்தது வேலையோ உறவோ மொழியோ இல்லை. வீடு எங்கே காலியாக, மலிவாகக் கிடந்தது என்பதுதான். கிளாஸ்கோ, லிவர்பூல், மிடில்ஸ்பரோ, ஸ்டோக், ஹல். தொழிற்சாலைகள் மூடப்பட்டு, ஆட்கள் வெளியேறிய நகரங்கள். 200 பேருக்கு ஒருவருக்கு மேல் இருக்கக்கூடாதென்ற வழிகாட்டு அளவை மிடில்ஸ்பரோ தாண்டியது. செல்வம் கொழிக்கும் பல தெற்கத்திய மாவட்டங்களில் ஒருவர்கூட இருக்கவில்லை. எல்லா உள்ளூராட்சிப் பகுதிகளும் பங்கெடுக்கவேண்டுமென்று அரசு சொன்னது 2022 இல்தான்.

கிளாஸ்கோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சைட்ஹில், ரெட் ரோட் அடுக்குமாடிகளில் யாரும் குடியிருக்க விரும்பாத வீடுகளில் புதியவர்களை வைத்தார்கள். முதல் ஆண்டு கொடியது. 2001 ஒகஸ்ட்டில் சைட்ஹில்லில் குர்திய இளைஞர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அதன்பின், கவனிப்பாரற்ற அந்தக் குடியிருப்புகளில் தாங்களும் புறக்கணிக்கப்பட்டே கிடந்தோமென்று பழைய குடிகளும் வாய்திறந்தார்கள். ஆனால் கிளாஸ்கோவில் ஒரு பெரிய அனுகூலம் இருந்தது. அங்கே ஹோம் ஒபிஸோடு ஒப்பந்தம் செய்து வீட்டைக் கொடுத்தது நகர மன்றமே. வீட்டுப் பிரிவு, பள்ளிக்கூடம், மொழி வகுப்பு, சமூகசேவை எல்லாம் ஒரே நிர்வாகத்தில் இருந்தன. ஒரு குடும்பம் எந்த நாளில் வருகிறது, எத்தனை பிள்ளைகள் என்று பள்ளிக்கு முன்கூட்டித் தெரிந்தது. 2005 இல் தங்கள் வகுப்புத் தோழி நாடுகடத்தல் தடுப்பில் வைக்கப்பட்டபோது ட்ரம்சப்பல் உயர்பள்ளி மாணவிகள் கிளர்ந்தெழுந்தார்கள். நாடே அவர்களை ‘கிளாஸ்கோ கேர்ள்ஸ்’ என்று அறிந்தது. ஒரே பள்ளி, ஒரே தெரு, ஒரே படிக்கட்டு என்று சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகள் அந்தப் பிள்ளைகளுக்குள் வேலை செய்திருந்தன. நிர்வாகம் சரியாக இருந்தால் மனித மனம் தன் பங்கைச் செய்யும் என்று நான் உறுதியாக நம்புவது இந்தக் கிளாஸ்கோவைப் பார்த்துத்தான்.

2012 இல் இருப்பிடம் கொடுக்கும் வேலை தனியார் நிறுவனங்களுக்குப் போனது. 2019 இலிருந்து சேர்க்கோ, மியர்ஸ், கிளியர்ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று நிறுவனங்கள் ஐக்கிய இராச்சியத்தைப் பிரித்து எடுத்திருக்கின்றன. பத்தாண்டு ஒப்பந்தம். 4.5 பில்லியன் பவுண் ஆகுமென்று போட்ட கணக்கு 15.3 பில்லியனாக ஏறிவிட்டதென்று தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2025 மேயில் சொன்னது. அதே அறிக்கையில் இன்னோர் எண் இருக்கிறது: ஹோட்டல்களில் இருப்பவர்கள் மொத்தத்தில் 35 வீதம், அவர்களுக்கான செலவு 76 வீதம். கொரோனாவும் தீர்ப்புகளின் தாமதமும் சேர்ந்து 2023 செப்டெம்பரில் ஹோட்டல்களில் இருந்தவர்களை 56,000 ஆக்கின. 2025 ஜூனிலும் 32,000 பேர்.

ஹோட்டலில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று நம்மவர்களுக்கே தெரிவதில்லை. முன்பின் தெரியாத ஒருவருடன் பங்குபோட்ட அறை. வெளியிலிருந்து வரும் பெட்டிச் சாப்பாடு. கிழமைக்குப் பத்துப் பவுணுக்கும் குறைந்த கைக்காசு. வேலை செய்ய அனுமதி இல்லை. ஓராண்டுக்கு மேல் தீர்ப்பு இழுபட்டால் மட்டும், குறிப்பிட்ட சில தொழில்களுக்கு விண்ணப்பிக்கலாம். நம் கலியாண வீடுகளில், பிறந்தநாள் விருந்துகளில் நான் கேட்பது வேறு. “நாங்கள் பாடுபட்டு வரி கட்டுறம், அவங்கள் ஹோட்டல்ல இருக்கிறாங்கள்.” இதைச் சொல்பவர்களில் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஒரே அறையில் ஆறு பேராகப் படுத்தெழும்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வரிப்பணம் போவது உண்மை. அது அந்த அறையில் இருப்பவரின் பைக்குப் போகவில்லை. ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் ஒன்றின் நிறுவனர் 2025 இல் பில்லியனர் பட்டியலில் இடம்பிடித்திருக்கிறார். கோபப்படுவதென்றால் அந்தக் கணக்கைப் பார்த்துக் கோபப்படுங்கள்.

கவுன்சிலின் வீட்டுப் பிரிவில் பின்னாளில் நான் பார்த்த வேலையில் இன்னொன்றையும் கண்டேன். வாடகை வீட்டுச் சந்தை ஒன்றுதான். வீடற்ற உள்ளூர்க் குடும்பத்துக்குத் தற்காலிக இடம் தேடி நாங்கள் ஒரு வீட்டுக்காரரைக் கூப்பிடுவோம். அவர் ஏற்கெனவே ஒப்பந்த நிறுவனத்துக்குப் பல ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்திருப்பார். வாடகை நிச்சயம், திருத்த வேலையும் அவர்கள் பொறுப்பு. அவரைக் குறைசொல்ல முடியாது. நாங்கள் கொடுக்கக்கூடிய தொகைக்கு அரசு தரும் மீளளிப்போ 2011 ஆம் ஆண்டு வாடகை அளவில் உறைந்து கிடந்தது. 1980 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் மன்றங்கள் இருபது இலட்சத்துக்குக் கிட்டிய வீடுகளை விற்றுவிட்டன. அதற்கீடாகக் கட்ட விடவில்லை. ஆகவே அரசின் ஒரு கை மற்றக் கையோடு ஏலத்தில் நின்று வாடகையை ஏற்றிக்கொண்டிருக்கிறது. 2025 மார்ச்சில் இங்கிலாந்தில் 1,30,000 க்கும் அதிகமான குடும்பங்கள் தற்காலிக இருப்பிடங்களில் இருந்தன. அவர்களில் பெரும்பாலோர் புகலிடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள். அவர்களுடைய வரிசை நீண்டதற்குக் காரணம் வீடு இல்லாமை.

இனி, எல்லாவற்றிலும் கொடிய இடத்துக்கு வருகிறேன். ஒருவருக்கு அகதி அந்தஸ்து கிடைக்கிறது. ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த கடிதம். மகிழவேண்டிய நாள். அதோடு, தனி ஆளென்றால், ஹோம் ஒபிஸின் இருப்பிட உதவி 28 நாளில் நின்றுவிடும். அந்த 28 நாளுக்குள் அடையாள ஆவணம் சரியாக வரவேண்டும், வங்கிக் கணக்குத் திறக்கவேண்டும், யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். முதற்கொடுப்பனவு வர ஐந்து கிழமை, அதாவது 35 நாள். 28 இல் 35 அடங்காதென்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. முற்பணம் கேட்டால் கடனாகக் கிடைக்கும். முதல் மாத வாடகையும் வைப்புப் பணமும் இல்லாமல் எந்த வீட்டுக்காரர் சாவி கொடுப்பார்?

ஆகவே அவர் பையோடு கவுன்சிலுக்கு வருகிறார். சூடானிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் என் மேசைக்கு வந்ததை மறக்கமாட்டேன். அந்தஸ்துக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். இங்கிலாந்தின் சட்டப்படி, பிள்ளைகுட்டி இல்லாத, நோயில்லாத தனி ஆணுக்கு வீடற்றோர் முன்னுரிமை கிடையாது. ஆலோசனை சொல்லலாம், பட்டியல் கொடுக்கலாம், தேட உதவலாம். படுக்கை கொடுக்கும் கடமை இல்லை. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு நான் கொடுத்தது இன்னொரு காகிதம். நேற்றுவரை அரசின் பொறுப்பில் ஒரு கட்டிலாவது இருந்தது. அகதியென்று அதே அரசு ஏற்றுக்கொண்டபின் அதுவும் போனது.

ஸ்கொட்லாந்தில் 2012 முடிவோடு இந்த முன்னுரிமை வேறுபாட்டை நீக்கிவிட்டார்கள். வீடற்ற எவருக்கும் இடம் கொடுக்கவேண்டும். நல்ல சட்டம். அதனால் அந்தஸ்துப் பெற்றவர்கள் எங்கெங்கிருந்தோ கிளாஸ்கோவுக்குப் போனார்கள். தேங்கிய வழக்குகளை ஹோம் ஒபிஸ் 2023 இல் அவசரமாகத் தீர்த்துத் தள்ள, அந்த ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ நகர மன்றம் வீடமைப்பு அவசரநிலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. அறம் பார்த்துச் செய்த சட்டத்துக்கான விலையை அந்த ஊர் தனியே செலுத்துகிறது. 2024 டிசம்பரில் 28 நாளை 56 ஆக்கிப் பார்த்தார்கள். 56 நாள்தான் இங்கிலாந்தின் வீடற்றோர் சட்டத்தின்படி கவுன்சில் தடுப்பு வேலை செய்யவேண்டிய காலம். இரண்டும் பொருந்தி வந்தன. ஆனால் 2025 செப்டெம்பரில் தனி ஆட்களுக்குப் பழையபடி 28 க்குத் திருப்பிவிட்டார்கள்.

கெண்ட்டின் கதை பிள்ளைகளுடையது. டோவரில் துணையில்லாமல் இறங்கும் சிறுவர் ஒவ்வொருவரும் 1989 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி கெண்ட் மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. கடற்கரை அங்கே இருப்பதால் மட்டும். 2020 ஒகஸ்ட்டிலும் 2021 ஜூனிலும், இனி எடுக்கமுடியாதென்று கெண்ட் கைவிரித்தது. ஹோம் ஒபிஸ் பிள்ளைகளை ஹோட்டல்களில் வைத்தது. பிள்ளை வளர்ப்பதற்குச் சட்டப்படி யாருமில்லாத இடம். அங்கிருந்து காணாமற்போன சுமார் 200 பேர் இன்னும் கிடைக்கவில்லையென்று 2023 ஜனவரியில் அரசே பாராளுமன்றத்தில் சொன்னது. ஜூலையில் உயர் நீதிமன்றம் இரு தரப்பிலும் குற்றம் கண்டது: பிள்ளைகளை வழமையாக ஹோட்டலில் வைத்தது சட்டவிரோதம், கெண்ட் எடுக்க மறுத்ததும் சட்டவிரோதம். மற்ற மாவட்டங்கள் பங்கெடுக்கும் இடமாற்றுத் திட்டம் தொடங்கியது 2016 இல். கட்டாயமாக்க 2021 முடிவுவரை காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் ஒவ்வொரு மாவட்டமும் பத்துப் பிள்ளைகளை எடுத்திருந்தாலே இது நேர்ந்திராது என்பது என் எண்ணம்.

இதற்கெல்லாம் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. இதே நாட்டில் செய்து பார்த்தும் இருக்கிறார்கள். 2022 இல் உக்ரேனியர் வந்தபோது கவுன்சில்களுக்கு ஆளுக்கு 10,500 பவுண் கொடுத்தார்கள். பின்னர் 5,900 ஆகக் குறைத்தார்கள். வீட்டைச் சோதிப்பதும் பள்ளி பார்ப்பதும் கவுன்சிலின் வேலை என்று முதலிலேயே சொன்னார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஆப்கானியருக்கும் உக்ரேனியருக்குமாக 500 மில்லியன் பவுண் ஒதுக்கி, கவுன்சில்கள் வீடுகளை வாங்கும்படி செய்தார்கள். வாங்கிய வீடு கவுன்சிலுக்கே சொந்தம். அகதிக் குடும்பம் காலூன்றி வெளியேறியபின் வரிசையில் நிற்கும் உள்ளூர்க் குடும்பத்துக்கு அது போகும். ஹோட்டல் வாடகையோ கொடுத்த மறுநாளே இல்லாமற் போகிறது.

அரசு 2029 க்குள் ஹோட்டல்களை மூடுவோமென்கிறது. அதற்குப் பதிலாக இன்வர்னஸில் கமரன் முகாம், சசெக்ஸில் குரோபரோ பயிற்சி முகாம் என்று இராணுவ இடங்களை 2025 இல் காட்டியது. எசெக்ஸின் வெதர்ஸ்பீல்ட் விமானத் தளத்தை ஏற்கெனவே பார்த்தோம்: ஊரிலிருந்து தொலைவு, செலவும் குறையவில்லை, அங்கிருந்தவர்களின் மனம் உடைந்ததுதான் கண்ட பலன். நூற்றுக்கணக்கானோரை ஓரிடத்தில் குவித்துவிட்டு ஊரவர் பழகவேண்டுமென்றால் எப்படிப் பழகுவார்கள்? ரொதரம் அருகே மன்வர்ஸில் 2024 ஒகஸ்ட் 4 இல் ஒரு ஹோட்டலுக்கு, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே, தீவைக்க முயன்றார்கள். பெரிய கட்டடம், பெயரற்ற ஆட்கள், யாரும் விளக்கம் சொல்லாத வருகை இருக்கும் இடத்தில்தான் வதந்திக்குக் கால் முளைக்கிறது. ஒரு தெருவில் ஒரு வீடு, அதில் பெயர் தெரிந்த ஒரு குடும்பம் என்றால் அயலவர் கதவைத் தட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

இன்றைய ஒப்பந்தங்கள் 2029 வரை. இடையில் 2026 இல் முறித்துக்கொள்ள அரசுக்கு உரிமை இருக்கிறது. நான் கேட்பது இவ்வளவுதான்: இருப்பிடம் கொடுக்கும் பொறுப்பையும் அதற்கான முழுப் பணத்தையும் பிராந்தியம் பிராந்தியமாகக் கவுன்சில்களின் கூட்டுக்குக் கொடுங்கள், பங்கை எல்லா மாவட்டத்துக்கும் கட்டாயமாக்குங்கள், அந்தஸ்துக் கிடைத்தபின் 56 நாள் எல்லோருக்கும் கொடுங்கள். வீடு வாங்கும் பணம் வேறெங்கும் தேடவேண்டியதில்லை, ஹோட்டல் கணக்கிலேயே இருக்கிறது.

லண்டனின் 32 கவுன்சில்களுக்கும் நாலாண்டுக்கொருமுறை தேர்தல் வரும். ஹரோவிலும் பிரென்ட்டிலும் நியூஹாமிலும் ரெட்பிரிட்ஜிலும் மேர்ட்டனிலும் நம் வாக்குகளுக்கு எடை உண்டு. எல்லாக் கட்சி வேட்பாளரும் நம் கோயில் வாசலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலுக்கும் வருவார்கள். ‘புகலிடம் கோருவோரை நிறுத்துவோம்’ என்று சொல்பவரும் வருவார், அவர்களைப் பற்றி வாயே திறக்காதவரும் வருவார். இருவரிடமும் ஒன்றையே கேளுங்கள்: எங்கள் கவுன்சில் இந்த நாலாண்டில் எத்தனை வீடு வாங்கும், 28 ஆவது நாளில் பையோடு வருபவரை அன்றிரவு எங்கே படுக்கவைக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.